திரும்பப் பெற்றுக்கொள்ளவும்

மருந்துக்கடைக்காரி வக்கீலம்மாவின் அறைக்குள் வந்தும் உட்காரவில்லை. கைப்பேசியை மேசைமேல் வைத்தாள், மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் அழிச்சிடுவாங்களாம். அதுக்குள்ள ஏதாவது பண்ணணும்மா."

அவள் கணவன் கப்பல் எஞ்சினியர். அவன் கடலில் இருந்த மாதங்களில் இருவரும் இணையத்தில் ஒரு பண்ணை விளையாட்டைச் சேர்ந்து ஆடுவார்கள். பண்ணை அவன் கணக்கில் இருந்தது. வேலியோரமெல்லாம் அவளுக்காகப் பலகை நட்டு ஏதாவது எழுதிவைப்பான். போன மழைக்காலத்தில் கப்பலிலேயே மாரடைப்பில் போய்விட்டான். பண்ணையின் கோடியில் அவள் வாசிக்காத பலகைகள் இன்னும் இருந்தன. தீர்ந்துவிடக் கூடாதென்று, மனசு தாங்காத நாட்களில் மட்டும் ஒன்றை வாசித்துவந்தாள். நேற்று உள்ளே போக முடியவில்லை.

விளையாட்டை விற்ற இணையக் கடையிலிருந்து வந்த பதில் இதுதான்: 'உரிமையாளர் இறந்ததாகத் தகவல் வந்துள்ளது. விதிமுறைப்படி கணக்கு வாரிசுக்கு மாறாது, அழிக்கப்படும்.'

"யார் சொல்லியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார் வக்கீலம்மா. நுகர்வோர் வழக்குகளிலேயே தலை நரைத்தவர். எதற்கும் குரலை உயர்த்த மாட்டார்.

"என் கொழுந்தன்தான். அண்ணன் கணக்கைக் கொடுங்கன்னு கேட்டான், மாட்டேன்னுட்டேன். நேத்து நேராவே கேட்டேன். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லல. பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டான்."

"அப்புறம் என்ன, ஆள் கிடைச்சாச்சு!" என்றாள் சுருட்டை. கீழ்த்தளத்தில் கணினி பழுதுபார்ப்பவள். வக்கீலம்மாவுக்குப் புதிரான வழக்கு வந்தால் கடையைப் போட்டது போட்டபடி மேலே ஓடி வந்துவிடுவாள்.

"அவசரப்படாதே. தகவல் எந்த முகவரியிலிருந்து போச்சுன்னு பாரு."

கடையின் பதிலைக் கடைசிவரை பார்த்த சுருட்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இறந்தவரோட மின்னஞ்சல்லேருந்தேம்மா!"

"அவர் போன் யார்கிட்ட?"

"வீட்லதான் இருக்கு," என்றாள் மருந்துக்கடைக்காரி. "பூட்டு எண் எனக்கும் கொழுந்தனுக்கும் மாமாவுக்கும் தெரியும்."

மூவரும் வீட்டுக்குப் போனபோது மாமனார் கதவைத் திறந்தார். மகனின் அலமாரி துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. ஒரு தட்டில் அந்த போன் மட்டும்.

"கம்பெனி சீருடை, அடையாள அட்டை, லைப்ரரி புத்தகம் எல்லாம் ஒப்படைச்சாச்சு," என்றார் அவர். "அடுத்தவங்க பொருள் எதையும் வச்சுக்கிட்டுப் போயிட்டான்னு பேர் வரக் கூடாது பாருங்க."

வக்கீலம்மா போனில் அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து உரக்க வாசித்தார்: "'இவர் காலமாகிவிட்டபடியால் கணக்கை முடித்து, இவரிடம் உள்ள விளையாட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.'"

"கொழுந்தன்தானே?" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"கணக்கு வேணும்னு நினைச்சவர் அதை மூடச் சொல்வாராம்மா? சத்தமில்லாம கடவுச்சொல்லை மாத்தியிருப்பார். அதோட, காசு கொடுத்து வாங்கின பொருளை யாராவது 'திரும்பப் பெற்றுக்கொள்ளவும்'னு எழுதுவாங்களா? இரவல் வாங்கினதைத்தான் அப்படி எழுதுவோம். இதெல்லாம் இரவல்னு மனசார நம்பின ஒருத்தர் எழுதினது இது."

மாமனார் முன்னால் வந்தார்.

"நான்தான் எழுதினேன். 'உங்கள் நூலகத்தில் விளையாட்டுகள் காத்திருக்கின்றன'ன்னு அந்த போனுக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு. நூலகம்னா திருப்பிக் கொடுக்கணுமேன்னு... ஏன், கொடுக்கக் கூடாதா?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பண்ணையோடு மகன் எழுதிவைத்த பலகைகளும் அழியப்போவதைச் சுருட்டை சொன்னாள். அவருக்கு விஷயம் புரியவே சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு உங்க மேல இல்லைங்க," என்றார் வக்கீலம்மா. "விக்கும்போது பொத்தான்ல 'வாங்கு'ன்னு போடுறாங்க. வித்ததும் நூலகம்ங்கிறாங்க. ஆள் போனா எங்களோடதுங்கிறாங்க. அதைத்தான் கேக்கப் போறோம்."

"ஜெயிப்போமா?" என்றாள் சுருட்டை.

"தெரியாது. விதிமுறை முழுக்க அவங்களுக்குச் சாதகமா எழுதினது. இப்போதைக்கு அழிக்க விடாம தடுப்போம்."

மாமனார் தன் கடிதத்தை வாபஸ் வாங்கினார். வக்கீலம்மாவின் நோட்டீசும் போனது. மறுநாள் மருந்துக்கடையில் இருமல் மருந்து கேட்டவருக்குக் களிம்பை எடுத்துக் கொடுத்தாள் அவள். கண் கைப்பேசியை விட்டு அகலவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு பதில் வந்தது. கணக்கு பூட்டியேதான் இருக்கும். ஆனால் தகராறு தீரும்வரை அழிக்க மாட்டார்கள்.

கல்லாவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று கொழுந்தனை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள்.

"சொல்லுங்க அண்ணி."

"உன்னைத் தப்பா நினைச்சுட்டேன் தம்பி. வீட்டுக்கு வா."



"அப்பாவைத் திட்டலையே அண்ணி?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அண்ணன் போன்ல பார்த்தேன்."

"பார்த்துட்டும் ஏன் சொல்லாம இருந்தே?"

"பிள்ளைக்குன்னு கடைசியா ஒண்ணு செஞ்சார். அது தப்பாப் போச்சுன்னு அவருக்குத் தெரிய வேணாம்னுதான்."