நூறு இரும்புக் கைகள்

2024 மார்ச் 14, வியாழக்கிழமை. வட்டவளையில் விடியற்காலை முதல் தூறல். மலைமுகடுகளை மூடுபனி மறைத்திருந்தது.

பழைய தேயிலைத் தொழிற்சாலையில் அமைந்த அருங்காட்சியகத்தினுள் ஒரு பிணம்!

அதன் மேலே நூறு இரும்புக் கைகள்... மோட்டார் சுழன்றால் அவை அனைத்தும் கொழுந்து பறிக்கும். அன்று திறப்பு விழா காணவிருந்த கலைப்படைப்பு, தன்னைப் பராமரித்த ஃபிட்டர் சிவசாமியின் கழுத்தையே முறித்திருந்தது!

சப்-இன்ஸ்பெக்டர் மதுரன் குறிப்பேட்டைத் திறந்தார்.

"எப்படி நடந்துச்சு?"

"கவனயீனம் சார்," என்றார் அருங்காட்சியகப் பொறுப்பாளர் யோகேஸ்வரன். "ஃபியூஸ கழட்டாம எண்ணெய் போட உள்ள போயிருக்கான். டைமர்ல மெஷின் ஓடிருச்சு. கடிதம் டைப் பண்ணிட்டேன். சம்சாரம் கையெழுத்து வச்சா முடிஞ்சுது."

"பொணம் இன்னும் ஆறல. அதுக்குள்ள கடிதமா?"

யோகேஸ்வரன் கடிதத்தையும் பேனாவையும் எடுத்து வைத்தார்.

சிவசாமியின் மனைவி பூரணி வந்தாள். இடுப்பில் கொழுந்து பறிக்கும்போது கட்டும் சாக்குப் படங்கு. கண்களில் நீரில்லை.

"இதுல கையெழுத்து வச்சா, அவரு சாவுக்கு அவரே காரணம்னு ஆயிரும். இல்லீங்களா சார்?"

"ஆமாம்மா. கேஸ் முடிஞ்சிரும்."

அவள் மண்டியிட்டாள். கணவனின் சட்டைப் பைக்குள் கையை நுழைத்தாள்.

வெளியே வந்தது... ஒரு வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ்!

"இருபது வருஷமா மெஷின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஃபியூஸ கழட்டிப் பையில போட்டுக்குவாரு. வேற எவனும் மாட்டிறக் கூடாதுன்னு. இந்தாங்க."

மதுரன் சுவரை நோக்கினார். மின்பலகையில் ஃபியூஸ் இருக்கிறது. பையிலும் ஒன்று. அப்படியாயின், பலகையில் இருப்பதை மாட்டியவர் யார்?

"பொய் சார்!" யோகேஸ்வரனின் குரல் உயர்ந்தது. "அந்தப் பையில ஃபியூஸே இல்ல!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தானே எடுத்து..."

சொல் பாதியில் நின்றது. மதுரன் அவர் பக்கம் ஓரடி நகர்ந்தார்.

"வெளிய வாடான்னேன். அஞ்சு நிமிஷம் பொறுங்கய்யான்னான். கொழும்பு விருந்தாளிங்க பாதி வழியில வந்துட்டாங்க... ஒரு தடவையாவது ஓட்டிப் பாக்கணும்னு... வெலகிருப்பான்னு நெனச்சு வேற ஃபியூஸ மாட்டிட்டேன். அப்புறம் அவன் பையில இருந்தத எடுத்து ஒளிச்சிட்டேன்."

கைவிலங்கு பூட்டப்பட்டது.

"அப்ப இது ஏதும்மா?" மதுரன் பீங்கானை உயர்த்தினார்.

"எங்க லயத்து வீட்டுக் காம்பராவுல கழட்டி, கைக்குள்ள மறைச்சுக் கொண்டாந்தது சார். அவரு ஃபியூஸ கழட்டலையாம்னு கொழுந்து மலைக்குச் சேதி கொண்டு வந்த ஆளு சொன்னப்பவே நான் நம்பல. வீட்டுக்குப் போயிட்டுத்தான் வந்தேன். இப்ப அங்க கரண்டு இல்ல, இருட்டு."

பூரணி, யோகேஸ்வரன் பக்கம் திரும்பினாள்.

"ஜெயில்ல இருந்து வெளிய வந்ததும் எங்க வீட்டு ஃபியூஸ நீங்களே வந்து மாட்டிக் குடுங்கய்யா. உள்ள ஆளு இருக்கான்னு மட்டும் பாத்துட்டு மாட்டுங்க."

அப்போது மணி காலை 9.42.