அப்பா போட வேண்டிய முதல் பந்து

பேர்பெற்ற ஒருவருக்கு மகளாக இருப்பது அலுப்பான வேலை. ஐஸ் வாங்கக் கடைக்குப் போனால்கூட, "ஐடல் எப்படி இருக்கார்?" என்று நாலு பேராவது கேட்பார்கள். என் அப்பா நெஸ்தோர் லாகார்தேயைப் பிலிப்பைன்ஸ் முழுவதும் அப்படித்தான், எல்லோருக்கும் நாயகன் என்று, கூப்பிடுகிறார்கள். பதினாறு வருடம் மணிலாவில் கூடைப்பந்து ஆடியவர். இப்போது மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குகிறார். இரண்டு முழங்காலும் போய்விட்டன. அது எங்கள் வீட்டுக்கு மட்டுமே தெரியும்.

ஊருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு பந்து. இறுதிப் போட்டியின் கடைசி நொடியில், மூலையிலிருந்து அப்பா எறிந்து வளையத்துக்குள் போன பந்து. அதனால் ஒவ்வொரு மே மாதத் திருவிழாவிலும் ஊர்ப் போட்டி தொடங்கும்போது, அதே மூலையிலிருந்து அப்பா ஒரு பந்து போட வேண்டும். அது விழுந்த பிறகுதான் ஆட்டம். ஒரு வருடம் அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டதால் அந்தப் பந்து இல்லாமலே தொடங்கினார்கள். மூன்றாம் நாள் புயல் வந்து மைதானத்தின் தகரக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் யாரும் விளையாடுவதில்லை.

இந்த வருடம் போக வேண்டாம் என்று அம்மா காலையிலேயே சொன்னார்.

"ஊரே கேக்குது. எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்றார் அப்பா. முழங்கால்களில் பட்டை கட்டி, அது தெரியாதபடி நீளமான கால்சட்டை போட்டுக்கொண்டார்.

ஊர்வலத்தில் ஒவ்வோர் அணிக்கும் முன்னால் ஓர் அழகுராணி நடப்பாள். எங்கள் அணிக்கு என்னைப் பிடித்துவிட்டார்கள். நான் ஆடத்தானே வந்தேன் என்றேன். முதலில் நட, பிறகு ஆடலாம் என்றார்கள். குதிகால் செருப்பு காலைக் கடிக்க, மினுமினுக்கும் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

அப்பாவின் முதல் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். ஐந்தாவது பந்து வளையத்தைத் தொடவே இல்லை. எட்டாவதுக்குப் பிறகு கைதட்டல் நின்றுபோனது. கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு, ஐடல்," என்று ஒவ்வொரு முறையும் ஒலிபெருக்கியில் சொன்னார் ஊர்த் தலைவர் மெல்ச்சோர். கெட்டவர் இல்லை. புயலுக்குப் பயந்தவர்.

அப்பாவின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்காலை மடக்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டார். விழும்வரை எறிவாரே தவிர, முடியாது என்று சொல்ல மாட்டார். எனக்கு ஊர்மேல் கோபம் வந்தது. அப்பாமேலும் வந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு வளையத்துக்குக் கீழே ஓடிப்போய்க் கையைத் தூக்கினேன்.

"அப்பா, இங்க நான் சும்மாதான் நிக்கிறேன். பாஸ் குடுங்க."

"ரொவேனா, குறுக்க நிக்காதம்மா. பந்து உங்கப்பா கையில இருந்துதான் வரணும்," என்றார் தலைவர்.

"அவர் கையில இருந்துதானே மாமா வரப்போகுது? உள்ள போடறது மட்டும்தான் நான்."

தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் புதுக் கூரையைப் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார்.

அப்பா பந்தைப் பிடித்தபடியே நின்றார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் முழங்காலை மடக்காமல், மணிக்கட்டை மட்டும் சுண்டினார். பந்து ஒருமுறை தரையில் தட்டி, நேராக என் கைக்கு வந்தது.

நான் போட்டேன். விழவில்லை.

தெறித்த பந்தை எங்கள் அணியின் தோத்தோய் பிடித்துப் போட்டான். அவனுக்கும் விழவில்லை. அதற்குள் அணியே உள்ளே வந்துவிட்டது. தள்ளுமுள்ளில் பந்து எப்படியோ வளையத்துக்குள் போனது. போட்டது யார் என்று இன்றுவரை சண்டை தீரவில்லை. ஊர் மொத்தமும் எழுந்து நின்று கத்தியது.

அப்பா மெதுவாக நடந்து தலைவரிடம் போனார்.

"தலைவரே, என் முழங்கால் ரெண்டும் போயிடுச்சு. அடுத்த வருஷம் நாற்காலியில உக்காந்துதான் பாஸ் குடுப்பேன்."

தலைவர் குனிந்து தன் கால்சட்டையை மேலே சுருட்டினார். அவர் முழங்காலிலும் ஒரு பட்டை இருந்தது.

"எனக்கு மாடிப்படிதான் எமன், ஐடல்," என்றார்.

"பின்பக்கமா இறங்கிப் பாருங்க," என்றார் அப்பா.

இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் தோளில் கிடந்த அழகுராணிப் பட்டையைக் கழற்றி அப்பா மடியில் போட்டுவிட்டு ஆடப் போனேன். ஆட்டம் முடியும்வரை அப்பா ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை.