எட்டுப் பத்துக்கு வரும் திருத்தம்

போன புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு நான் அலுவலகத்தைத் திறந்தேன். நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கிக் கொடுத்த அறை. ஒரு மேசை, ஒரு கணினி, பழைய இதழ்களை அடைத்து வைத்த இரும்பு பீரோ, சுற்றுவதைவிட முனகுவதே அதிகமான ஒரு மின்விசிறி. பல்கலைக்கழகத்தின் வளாகச் செய்தி மடல் பதினெட்டு வருஷமாக இங்கிருந்துதான் போகிறது. வேலை நாட்களில் காலை சரியாக எட்டு மணிக்குப் பதினோராயிரம் பேருடைய மின்னஞ்சலில் போய் விழும். தேர்வுத் தேதி, தண்ணீர் வராத நேரம், காணாமல் போன சாவிக்கொத்து, பேராசிரியர் வாங்கிய விருது, யாராவது இறந்தால் இரங்கல். எழுதுவது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் நான் ஒருத்திதான். என் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. நோட்டீஸ் அக்கா என்றால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

பதினோராயிரம் பேரில் மடலை உண்மையிலேயே படிப்பது ஒரே ஒருத்தி என்று நான் கேலி செய்வதுண்டு. தாவரவியல் துறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண். எட்டு மணிக்கு மடல் போனால் எட்டுப் பத்துக்கு அவளிடமிருந்து பதில் வந்துவிடும். 'திருத்தம்: நூலகம் மூடுவது ஆறு மணிக்கு அல்ல, ஆறரைக்கு.' 'திருத்தம்: பதினான்காம் தேதி புதன், செவ்வாய் அல்ல.' வணக்கமும் கிடையாது, நன்றியும் கிடையாது. எங்கே ஒரு தப்பு என்றாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். திருத்தக்காரி என்று நானே அவளுக்குப் பெயர் வைத்திருந்தேன். ஒரு தடவைகூட அவள் சொன்னது பிழையாக இருந்ததில்லை என்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

அவள் அனுப்பியதில் ஒன்றைக்கூட நான் பிரசுரித்ததில்லை. எங்கள் மடலில் திருத்தம் போடும் வழக்கமே கிடையாது. தப்பு என்று தெரிந்தால், மறுநாள் சரியானதைப் புதுச் செய்தி மாதிரி போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவோம்.

அந்தப் புதன்கிழமையும் எட்டு மணிக்கு மடல் போனது. எட்டுப் பத்துக்குக் கணினி மணியடித்தது.

'திருத்தம்: நேற்றைய இரங்கல் செய்தியில் "வலியின்றி" என்ற சொல் தவறு.'

அனுப்பியவள் திருத்தக்காரி.

முந்தின நாள் மடலில் வந்த அந்த இரங்கல் செய்தி, அவள் இறந்ததற்கு நான் எழுதியது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அறிவியல் கட்டடத்தின் அடித்தளத்தில், விதைகளைப் பாதுகாக்கும் குளிர் அறை ஒன்று இருக்கிறது. எப்போதும் பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே. அதற்கு முந்தின வாரம், அங்கே வேலை பார்க்கும் லேப் டெக்னீஷியன் மூன்று வரியில் ஓர் அறிவிப்பு அனுப்பியிருந்தார். குளிர் அறை மீண்டும் திறக்கப்பட்டது என்பது முதல் வரி. உள்ளே போகிறவர்கள் பதிவேட்டில் நேரம் எழுத வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது இது: 'உள்தாழ்ப்பாள் பழுது, தனியாகப் போக வேண்டாம், கதவு உள்ளிருந்து திறக்காது.'

அந்தத் தாழ்ப்பாளைச் சரிசெய்ய வேண்டியவன் பராமரிப்பு அதிகாரி. அவன் என் தம்பி, கூடப் பிறந்தவன். டெக்னீஷியன் கொடுத்த மூன்று புகார்கள் இரண்டு மாதமாக அவன் மேசையில் தூங்கின. அந்த வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தைப் பார்வையிட ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. புதன்கிழமை மத்தியானம் தம்பி போன் செய்தான். "அக்கா, அந்தக் கடைசி வரியை எடுத்துடு. குழு போனதும் நானே நின்னு சரி பண்ணிடறேன்" என்றான். தம்பி கேட்டால் தட்ட முடியுமா? எடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மடலில் இரண்டு வரி போனது. கதவில் டெக்னீஷியன் ஒட்டியிருந்த காகிதத்தையும் குழுவின் கண்ணில் படக்கூடாது என்று தம்பியின் ஆட்கள் கிழித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் தன் விதைகளை எடுக்கத் தனியாகப் போனாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சனியும் ஞாயிறும் விடுமுறை. திங்கட்கிழமை காலை டெக்னீஷியன் கதவைத் திறந்தார். பதிவேட்டில் அவள் கையெழுத்து குண்டு குண்டாக இருந்ததாம், உள்ளே போன நேரம் 4.10 என்று. மடலில் வந்ததை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள்.

டெக்னீஷியனை நீண்ட விடுப்பில் அனுப்பி வாயை அடைத்தார்கள். 'திடீர் உடல்நலக் குறைவால் வலியின்றிக் காலமானார்' என்று நான் எழுதினேன்.

அந்தத் திருத்தத்தைப் பார்த்ததும் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கணினிப் பிரிவுக்குப் போன் போட்டேன். "அந்தக் கணக்கைத் திங்கட்கிழமையே மூடிட்டோமே, அக்கா. அதுல இருந்து எதுவும் வர முடியாது" என்றார் அங்கிருந்தவர். வெளியே கோடை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. என் மேசைக் கண்ணாடி மட்டும் வேர்த்திருந்தது.

வியாழக்கிழமை எட்டுப் பத்து.

'திருத்தம்: "திடீர்" என்பது தவறு. பதினோரு மணி நேரம்.'

அறையில் ஒரு வாடை வந்தது. ஈர அட்டைப்பெட்டி, குளிரில் கருகிய இலை, நாள்பட்ட ஐஸ் எல்லாம் கலந்த வாடை. மின்விசிறியை நிறுத்தினேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

இரும்பு பீரோவை யாரோ தட்டினார்கள்.

மூன்று தட்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி மூன்று. உள்ளங்கையால், பொறுமையாக, யாராவது வருவார்கள் என்று நம்பித் தட்டுகிற தட்டு.

சத்தம் பீரோவின் உள்ளேயிருந்து வந்தது.

ஒருவழியாகப் போய் பீரோவைத் திறந்தேன். பழைய இதழ்க் கட்டுகள்தான் இருந்தன. தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அவை சில்லென்று இருந்தன.

வெள்ளிக்கிழமை வந்தது கொஞ்சம் நீளம். 'திருத்தம்: விடுபட்ட வரியும், அது விடுபட்ட காரணமும் திங்கட்கிழமை மடலில் வர வேண்டும். வராவிட்டால் செவ்வாய்க்கிழமை கீழே உள்ளதைப் பிரசுரிக்கவும்.' கீழே ஓர் இரங்கல் செய்தி இருந்தது. என் நடை, என் சொற்கள். 'நமது பராமரிப்பு அதிகாரி திடீர் உடல்நலக் குறைவால் வலியின்றிக் காலமானார்.'

வளாகத்தின் மறுகோடியிலிருக்கும் தம்பியின் அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"யாருக்கா இப்படி விளையாடறது?"

"விளையாட்டு இல்லடா. பீரோவுக்குள்ள தட்டுறா. நான் காதால கேட்டேன்."

"நீ ரெண்டு நாளா தூங்கல, அதான்."

"திங்கட்கிழமை உண்மையைப் போட்டுடலாம்டா. போனா வேலைதானே போகும்."

அவன் எழுந்து வந்து என் கையைப் பிடித்தான். அவன் கை சில்லென்று இருந்தது.

"வேலை மட்டுமா போகும்? நான் ஜெயிலுக்குப் போவேன். என் பொண்ணுக்குப் பத்து வயசுக்கா. அவளை ஸ்கூல்ல என்ன சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு யோசிச்சுப் பாரு." பிறகு, சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அதே குரலில், "நீதான் ஏதாவது பண்ணணும்" என்றான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எழுதி எழுதி அழித்தேன். அவனையும் காப்பாற்ற வேண்டும், அவளையும் சமாதானப்படுத்த வேண்டும். பதினெட்டு வருஷமாக எல்லாருக்கும் நல்லவளாக எழுதிப் பழகிய கை இது. கடைசியில் ஒன்று வாகாக வந்து அமர்ந்தது. திங்கட்கிழமை மடலில், இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, திருத்தம் என்ற தலைப்பே போட்டேன். விடுபட்ட வரியை முழுசாகக் கொடுத்தேன். அதன் கீழே, 'தட்டச்சுப் பிழையால் இவ்வரி விடுபட்டது, வருந்துகிறோம்' என்று சேர்த்தேன்.

எட்டுப் பத்து.

'திருத்தம்: பிழை அல்ல.'

அடுத்த நொடி என் கைபேசி அடித்தது. தம்பி.

"அக்கா, என் ரூம் கதவு திறக்க மாட்டேங்குது."

"பூட்டிக்கிட்டியா?"

"இதுல பூட்டே இல்லக்கா. தாழ்ப்பாளும் கிடையாது. வெறும் மரக்கதவு. தள்ளித் தள்ளிப் பாக்குறேன்." அவன் பற்கள் தந்தியடிப்பது எனக்குக் கேட்டது. "ரொம்பக் குளிருது. அக்கா, இங்க என்கூட யாரோ..."

ஓடினேன். அந்த வெயிலில் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஓடினேன். ஆறு நிமிஷம் ஆகியிருக்கும், அதற்குமேல் ஆகவில்லை. கதவில் கை வைத்தேன். லேசாகத் தள்ளியதுமே திறந்துகொண்டது.

அவன் கதவுக்குப் பக்கத்திலேயே மடங்கி உட்கார்ந்திருந்தான். புருவத்தில் வெள்ளையாக உறைபனி. கதவின் உட்புறம் முழுக்க நகக்கீறல். ஆறு நிமிஷத்தில் ஒரு மனிதனால் அத்தனை கீற முடியாது. பதினோரு மணி நேரம் இருந்தால் முடியும்.

அவன் மேசைமேல் குளிர் அறையின் பதிவேடு விரித்துக் கிடந்தது. அவள் பெயருக்கு அடுத்த வரியில் என் தம்பியின் கையெழுத்து. உள்ளே போன நேரம் 8.10.

வந்த மருத்துவர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். உறைபனி அதற்குள் தண்ணீராகி வடிந்துவிட்டது. தம்பி மனைவி என் தோளில் சாய்ந்து, "ஒரு நாள்கூட உடம்பு சரியில்லைன்னு படுத்ததில்லையே, அண்ணி" என்று அழுதாள். நேற்று, செவ்வாய்க்கிழமை, நான் அலுவலகம் போகவே இல்லை. மடல் எட்டு மணிக்குப் போயிருக்கிறது. இரங்கல் செய்தி ஓர் எழுத்து மாறாமல் அதில் வந்திருக்கிறது.

ஆகவே இன்று, புதன்கிழமை, மடலில் வேறு எந்தச் செய்தியும் கிடையாது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இதுதான் மடல். பதினோராயிரம் பேரும் படியுங்கள். அந்தப் பெண் வலியோடு செத்தாள். பராமரிப்பு அதிகாரி கேட்டுக்கொண்டதால் அந்த வரியை எடுத்தேன். என்மேல் என்ன நடவடிக்கை வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு இனி ஒளிக்க எதுவும் இல்லை. அறைக் கதவு சாத்திக்கொள்ளாதபடி இரண்டு பழைய இதழ்க் கட்டுகளை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மணி எட்டு. அனுப்புகிறேன்.

இது இரண்டாவது மடல். எவ்வளவு எழுத முடியும் என்று தெரியவில்லை, விரல்கள் மரத்துப் போகின்றன.

எட்டுப் பத்துக்குத் திருத்தம் வந்தது. இந்தத் தடவை அவள் அனுப்பவில்லை.

அனுப்பியவர்: பராமரிப்பு அதிகாரி.

'திருத்தம்: நான் எடுக்கச் சொல்லவில்லை, அக்கா.'

உண்மை. அந்தப் புதன்கிழமை போன் செய்தபோது, "நாளன்னிக்குக் குழு வருதுக்கா, கொஞ்சம் பயமா இருக்கு" என்று மட்டும்தான் சொன்னான். "அந்தக் கடைசி வரியை நானே எடுத்துடறேன், நீ கவலைப்படாதே" என்று சொன்னது நான். "வேணாங்கா, யாராவது மாட்டிக்கப் போறாங்க" என்றுகூடச் சொன்னான். ரெண்டு நாளில் யார் போகப் போகிறார்கள் என்று நான்தான் அவன் வாயை அடைத்தேன். அவன்மேல் விழவேண்டிய அடியையெல்லாம் சின்ன வயதிலிருந்து வாங்கிக்கொண்டவள் நான். அவன் செத்த பிறகு என் அடியை அவன்மேல் போட்டேன். செத்தவன் மறுக்கமாட்டான் என்று நினைத்துவிட்டேன். அதுவும் இத்தனையையும் பார்த்த பிறகு.

முட்டுக்கொடுத்த கட்டுகள் இப்போது பீரோவுக்குள் அடுக்கிக் கிடக்கின்றன, கதவு சாத்திக்கொண்டது.

தட்டும் சத்தம் கேட்கிறது. இரண்டு பேர் தட்டுகிறார்கள். சத்தம் பீரோவிலிருந்து வரவில்லை. என் அறைக் கதவில், இந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. கதவருகே யாரும் இல்லை.

மேசைமேல் பதிவேடு இருக்கிறது. அடுத்த வரியில் என் கையெழுத்து. நான் எழுதவில்லை.

யாராவது படித்தால் உடனே வாருங்கள். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறை. வெளியிலிருந்து லேசாகத் தள்ளினாலே போதும்.

கதவு உள்ளிருந்து திறக்காது.