சிட்டுவின் பழுப்பு உறைகள்

அம்மாவுக்கு ஆங்கிலத்தில் முப்பத்தாறு சொற்றொடர்கள் தலைகீழ்ப் பாடம். ஆனால் பதினேழாவது வேண்டுமென்றால் முதலாவதிலிருந்து தொடங்கித்தான் அங்கே போய்ச் சேர முடியும்.

இந்தச் சங்கடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவால் வெளிப்பட்டது. மாமா அம்மாவின் தம்பி. சரக்கு வண்டி ஓட்டுபவர். வாய் சும்மா இராதவர். சாப்பாட்டு மேசைக்கு எதிரே விருந்தினரைப் போலக் கால்மேல் கால் போட்டு அமர்ந்தார்.

"அக்கா, எனக்கு உடம்பு ஒரு மாதிரியா இருக்கு. உங்க விடுதிக்கு வந்திருக்கேன். இங்கிலீஷ்ல ஏதாவது ஆறுதலாச் சொல்லுங்க பாப்போம்."

அம்மா கண்களை மூடிக்கொண்டாள். விரல்கள் எண்ணத் தொடங்கின, உதடுகள் முணுமுணுத்தன. உடம்பு சரியில்லாததைச் சொல்லும் 'அண்டர் த வெதர்' என்பதை அவள் எட்டிப் பிடித்தபோது, மாமா மேசைமேல் தலைசாய்த்துப் பொய்க் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு குணமாகி ஊருக்கே போயிட்டான்க்கா," என்றார் அவர்.

பக்கத்திலிருந்த மகள் சிட்டுவையும் சேர்த்து மூவரும் சிரித்தார்கள். ஆனால் அம்மாவின் சிரிப்புதான் முதலில் அடங்கியது. ஆங்கிலச் சொற்றொடர்ப் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள்.

"எனக்கு இது சரிப்படாது. துணியோடவே இருந்துட்டுப் போறேன்."

பத்து வயதுச் சிட்டுவின் பார்வை அம்மாவின் கைகள்மேல் சென்றது. விடுதியின் சலவை அறையில் ஒன்பது ஆண்டுகள் நீராவியோடு பழகிய கைகள் அவை. ஒரு கொப்புளம் ஆறுமுன் மற்றொன்று எழும். நீராவிப் பக்கமே இனிப் போகக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து வரவேற்பு மேசையில் ஓரிடம் காலியாயிற்று. அது கிடைக்க வேண்டுமென்றால், வியாழக்கிழமை மாலை அரைமணி நேரம் அம்மா அங்கே நின்று விருந்தினர்களிடம் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும். மேலாளர் பக்கத்தில் நின்று பார்ப்பார். இன்னும் நான்கே நாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் சிட்டு சலவை அறைக்குப் போனாள். வெள்ளை விரிப்புகள் மலைபோலக் குவிந்திருந்தன. அறைப் பணியாளர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து, மூன்றாம் மாடியில் ஒரு குழந்தை படுக்கையை நனைத்துவிட்டது என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள், திரும்பிக்கூடப் பாராமல், அம்மாவின் கை ஒரு தட்டிலிருந்து சிறு விரிப்பையும் ரப்பர்த் துணியையும் துண்டையும் ஒன்றாக எடுத்து நீட்டியது.

சிட்டு அலமாரியை உற்றுப் பார்த்தாள். விரிப்புக்கு ஒரு தட்டு, துண்டுக்கு ஒரு தட்டு என்று அது இல்லை. மழையில் நனைந்து வருபவருக்கு ஒரு தட்டு. காப்பியைக் கொட்டியவருக்கு ஒரு தட்டு. குளிர் தாங்காதவருக்கு ஒரு தட்டு.

"யாரும்மா இப்படி அடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஓடி வர்றவங்க துணியோட பேரையா சொல்றாங்க? என்ன நடந்துச்சுன்னுதான் சொல்வாங்க. அதான் நடக்குறதுக்குத் தகுந்த மாதிரி வெச்சிருக்கேன்."

சிட்டுவுக்குப் பளிச்சென்றது. வீட்டுக்கு வந்ததும் பழைய பழுப்பு உறைகளைத் தேடி எடுத்தாள். புத்தகத்திலிருந்த சொற்றொடர்களைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதினாள். உறைகளின்மேல் களைத்து வந்தவர், காத்திருப்பவர், கோபக்காரர், தடுமாறுபவர் என்று தலைப்பிட்டாள்.

"இதுவும் உன் அலமாரிதாம்மா. எது எங்க இருக்கணும்னு நீயே வை," என்றாள்.

அம்மா தயங்கித் தயங்கித்தான் முதல் சீட்டை எடுத்தாள். பிறகு கை தானாகவே வேகம் பிடித்தது. 'ஹேங் இன் தேர்' என்ற சீட்டுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள். மனம் தளராதே என்று பொருள் சொன்னாள் சிட்டு. "அப்போ இது களைச்சு வந்தவருக்கு," என்று உறையில் இட்டாள் அம்மா. எந்த உறையிலும் சேராமல் பதினோரு சீட்டுகள் மிஞ்சின. வழியில் பேச்சுத்துணைக்கு ஆகும் என்று மாமா அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

வியாழக்கிழமையும் வந்தது. சிட்டு வரவேற்புக் கூடத்தின் மூலை நாற்காலியில் அமர்ந்திருந்தாள். மேலாளர் முகத்தில் சிரிப்பே இல்லை.

தோளில் உறங்கும் குழந்தையும் இரு கைகளிலும் பைகளுமாக ஒருவர் உள்ளே வந்தார். முன்பதிவுச் சீட்டு எந்தப் பையில் இருக்கிறதென்று தெரியாமல் திணறினார். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

அம்மா கண்களை மூடவில்லை. விரல் விட்டு எண்ணவும் இல்லை. அவரையே பார்த்தாள்.

"டேக் யுவர் டைம்," என்றாள் நிதானமாக. அவசரமே இல்லை என்று அதற்குப் பொருள். மறுகணம், "லெட் மீ கிவ் யூ எ ஹேண்ட்," என்று சொல்லிக்கொண்டே மேசையைச் சுற்றிவந்து ஒரு பையை வாங்கிக்கொண்டாள்.

கை விடுபட்டது, சீட்டும் கிடைத்தது. அவர் நெகிழ்ந்துபோய், "யூ ஆர் எ லைஃப்சேவர்," என்றார்.

அந்தச் சொற்றொடர் எந்த உறையிலும் இல்லை. சிட்டு நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். ஆனால் அம்மா தெரிந்தவளைப் போலத் தலையாட்டவில்லை. புன்னகை மாறாமல், அதற்கு என்ன பொருள் என்று அவரிடமே கேட்டாள். அவரும் மகிழ்ச்சியாகக் கையசைத்து விளக்கிவிட்டுப் போனார்.

"என்ன சொன்னார்?" என்றார் மேலாளர்.

"வயித்துல பால வார்த்தேனாம் மேடம்."

மேலாளரின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. "தெரியாததக் கேட்டுத் தெரிஞ்சிக்கிறவங்கதான் இந்த மேசைக்கு வேணும். திங்கட்கிழமை வந்துடுங்க."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அம்மாவின் கால்கள் தரையில் பாவவே இல்லை. சிட்டுதான் ஓடி ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது.