ஈரமண் பூசிய குதிர்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். விதைநெல் சேமித்த குதிரின் வாயைத் திறக்கிற மாதத்தில் யாராவது அதை மண் வைத்து அடைப்பார்களா? குடவாசல் பக்கத்து அந்த வீட்டின் பின்னறைக்குள் நுழைந்ததுமே எழில்மொழிக்கு அதுதான் உறுத்தியது. ஆளுயரத்தில் இரண்டு மண்குதிர்கள். ஒன்றின் பூச்சு காய்ந்து வெடித்துக் கிடந்தது. மற்றதன் மூடியைச் சுற்றிப் பூசிய சாணிமண்ணில் ஈரம் போகவில்லை. பூசிய விரல்தடம்கூட அழியவில்லை.

தஞ்சாவூர் விதைப் பரிசோதனைக் கூடத்தில் அவளும் அரவிந்தனும் பக்கத்துப் பக்கத்து மேசை. டீக்குக் கூப்பிட, அவள் மேசையில் இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு தட்டுவான். இரண்டு வருடமாக அந்தத் தட்டலில்தான் காதல் வளர்ந்தது. "வீட்ல சொல்லிட்டு வந்துடறேன்" என்று போனவன் மூன்று நாளாகத் திரும்பவில்லை, போனும் எடுக்கவில்லை. சோறு தண்ணி இறங்காமல் தவித்தவள், விதைநெல் சாம்பிள் எடுக்க வந்ததாகப் பொய் சொல்லி, மூட்டையில் குத்தி நெல் எடுக்கும் குத்தூசியும் கையுமாக அவன் வீட்டில் வந்து நின்றாள்.

"அரவிந்தன் சார் இல்லீங்களாம்மா?"

"சிங்கப்பூர் போயிட்டான்" என்றாள் அவன் தாய் நாகம்மாள், நிலைப்படியில் உட்கார்ந்து மண் குழைத்தபடியே. "அவன் அக்கா கலைமகளும் இப்படித்தான். வேத்து சனத்துப் பையனைத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னா. மருதாணி வச்ச கையோட அனுப்பி வச்சோம். ஏழு வருசமாச்சு. நீ உன் வேலையைப் பாரும்மா."

வெளியே மழை பிடித்துக்கொள்ள, கரண்டும் போக, சாணிமண் ஈரமும் பழைய நெல்லின் சுணையும் காய்ந்த வேப்பிலையும் கலந்த வாடை மூக்கில் ஏற, அந்த இருட்டில் எங்கோ நெல் மெல்லச் சரசரப்பதை அவள் கேட்டாள். எலியாக இருக்கும் என்று நினைத்தாள். எலி மூச்சு வாங்குமா?

விரலால் ஈரக்குதிரைத் தட்டினாள். இரண்டு. ஒன்று.

உள்ளேயிருந்து பதில் வந்தது. இரண்டு. ஒன்று.

"ஐயோ, அரவிந்த்!"

குதிரின் அடியில் நெல் எடுக்கும் துளைக்குத் துணி அடைத்திருந்தது. பிடுங்கினாள். நெல் கொட்டியது. நின்றது. இரண்டு விரல்கள் வெளியே வந்தன. சூடாக இருந்தன. பாவி மகன், உயிரோடு இருக்கிறான்!

"தோ, உடைச்சிடறேன். பொறுத்துக்க, விட்டுடாத!"

குத்தூசியால் மண்ணைக் குத்தினாள். வளைந்தது. நகத்தால் கீறினாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"மண்ணு நிறையவே குழைச்சிருக்கேம்மா" என்றாள் நாகம்மாள், வெளியிலிருந்து.

விரல்களைப் பற்றினாள். சூடு இறங்கியது. "அரவிந்த், தட்டு. ஒரே ஒரு தடவை தட்டு." பிடி தளர்ந்தது.

தட்டல் கேட்டது.

இரண்டு. ஒன்று.

அவளுக்குப் பின்னாலிருந்து. காய்ந்த குதிரிலிருந்து.

ஓட்டு இடுக்கில் மின்னல் விடாமல் வெட்ட, அதன் அடைப்புத் துணி தானாக நகர்ந்து விழுந்தது. பதர் உதிர்ந்தது. பிறகு நான்கு விரல்கள். நுனியில் மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது. அவை தரையைத் தடவித் தடவி, அவள் காலைத் தேடி வந்தன.