மோட்டாருக்குப் பக்கத்து சீட்

கல்வராயன் மலை சாட்சி, கோமுகி அணை சாட்சி, இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. மிளகளவு சேர்க்கவும் இல்லை, கடுகளவு குறைக்கவும் இல்லை.

ஆவணி மாதம். கச்சிராயபாளையத்தில் அன்றைக்குப் பெய்த மழையில், கள்ளக்குறிச்சி டவுன் பஸ்ஸின் படியில் ஒரு கெளுத்தி மீன் ஏறியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கியது. கண்டக்டர் வீரமுத்து அதற்கு டிக்கெட் போடவில்லை. அதே படியில்தான், உள்ளே செம்புக் கம்பிக் காயில் எரிந்துபோன ஐந்து எச்.பி. கிணற்று மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு பகலவன் ஏறினான். கரும்புத் தோட்டம் வைத்திருக்கிறவன். மோட்டார் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி.

வண்டியில் ஒரே ஒரு இடம் காலி. அதற்குப் பக்கத்தில், ஜன்னலோரம், ஒரு பெண். இமையில் மழைத்துளி... அதற்குக் கீழே இரண்டு கண்கள்... ஒரு கன்னம் மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்தது. பகலவனுக்கு அதுவும் அழகாகத்தான் தெரிந்தது.

காலி இடத்தில் மோட்டாரை உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டான்.

"மோட்டார் மட்டும் உக்காரலாமா? நீங்க உக்காரக் கூடாதா?" என்றாள் அவள்.

"லேடீஸ் பக்கத்துல... எப்படிங்க..."

"என் சுடிதாரப் பாருங்க, எல்லாம் கிரீஸு!"

"பகலவா, அதுக்கும் ஒரு டிக்கெட் எடு. சீட்டு புடிச்சிக்கினு இருக்குதில்ல" என்றார் வீரமுத்து. பாதி வண்டி சிரித்தது. அவளும் சிரித்தாள், வீக்கத்தால் சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது.

பெயர் செந்தமிழ்ச்செல்வி. ஜப்பானில் ஏதோ ஒரு சின்னத் தீவில் இங்கிலீஷ் டீச்சர். லீவில் வந்த இடத்தில் கள்ளக்குறிச்சியில் பல்லுக்கு வைத்தியம். நாலு தடவை போகவேண்டும். அடுத்தது திங்கட்கிழமை, இதே பஸ்...

திங்கட்கிழமை பகலவனின் மோட்டார் மறுபடியும் எரிந்தது.

அன்றைக்குப் பேச்சு மோட்டாருக்கு மேலாக நடந்தது.

"ஜப்பான்ல வெள்ளிக்கிழமையானா வாத்தியாருங்க எல்லாம் ஒண்ணா குடிக்கப் போவாங்க. நான் ஆரஞ்சு ஜூஸ வச்சிக்கினு சும்மா சிரிச்சிக்கினு இருப்பேன். காலையில கதவத் தொறந்தா வாசல்ல முள்ளங்கி இருக்கும். யாரு வச்சாங்கன்னே தெரியாது. பசங்க 'ஹலோ'ன்னு கத்திட்டு ஓடிப்போயிடுவாங்க."

"நானும் இங்கிலீஷுன்னா ஓடிப்போயிடுவேங்க. பத்தாவதுல மூணு தபா ஃபெயிலு."

அவள் சிரித்தபோது மழை அரை நிமிஷம் நின்றது. டிரைவர் வைப்பரை நிறுத்தினார்.

கள்ளக்குறிச்சியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் முகம்மது கவுஸ்தான் தலையைச் சொறிந்தார். "கொட்டற மழையில எதுக்கு தம்பி மோட்டார் போட்ட?"

பகலவன் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தான். வியாழக்கிழமை மூன்றாவது தடவையும் அதை எரித்தான்.

அன்று அவள் சிரிக்கவில்லை. "அங்க தெனம் ரயில்ல ஸ்கூலுக்குப் போவேன். ஆளுங்க நெருக்கியடிச்சி நிப்பாங்க. என் பக்கத்து சீட்டு மட்டும் காலியாவே கெடக்கும். வெளிநாட்டுக்காரியாச்சே... யாரும் உக்கார மாட்டாங்க. மூணு வருஷமா..." குரல் இறங்கியது. "நம்ம ஊருக்கு வந்தா, இங்கயும் மோட்டார்தான் உக்காருது."

பகலவன் மோட்டாரைப் பார்த்தான். உட்கார்ந்தால் ஊர் பேசும். பேசினால் அவள் பெயர்தானே கெடும்? அதுவும் போக, மூணு தபா ஃபெயிலானவன் எங்கே, டீச்சர் எங்கே... கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்போது சொன்னாள்.

"திங்கக்கிழமை கடைசி சிட்டிங்கு. புதன்கிழமை ஃப்ளைட்டு."

நாலு ராத்திரி பகலவன் தூங்கவில்லை. திங்கட்கிழமை வெறுங்கையோடு பஸ் ஏறினான். அவள் பக்கத்தில் இடம் காலி.

"இன்னாப்பா, மோட்டார் வரலியா?" என்றார் வீரமுத்து.

"நல்லா ஓடுதுண்ணே."

"அப்ப நீ எதுக்கு வந்த?"

வண்டியே திரும்பிப் பார்த்தது. பகலவன் உட்கார்ந்தான்... ஓரமாக, பாதி சீட்டில்.

"மொத தபா தானா எரிஞ்சிதுங்க. அப்புறம் ரெண்டு தபாவும் நான்தான் எரிச்சேன்."

"தெரியும்."

"உங்கள... எனக்கு... இங்கிலீஷுல சொல்ல வராதுங்க."

"தமிழ்ல சொன்னா புரியாதா எனக்கு?"

"ரொம்பப் புடிச்சிருக்குதுங்க." சீட்டில் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தான். "அடுத்த லீவுக்கு வர்றப்ப, எங்கம்மாவக் கூட்டிக்கினு உங்க வூட்டுக்கு வரட்டுமா?"

"அதுக்கு ஒரு வருஷம் ஆவும்..." அவள் துப்பட்டா நுனியைத் திருகினாள். "நாளைக்கே வாங்க."

வீக்கம் வடிந்திருந்தது. சிரிப்பு முதல்முறையாக இரண்டு பக்கமும் வந்தது.

"இன்னொண்ணுங்க... அந்த ரயில்ல போறப்ப, பக்கத்து சீட்டு காலின்னு நெனைக்காதீங்க. நான் உக்காந்துகினு இருக்கறதா நெனச்சிக்கோங்க."

அவள் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெளியே மழை...

செந்தமிழ்ச்செல்வி வேலை பார்க்கிற தீவில் ரயிலே கிடையாது.