இரண்டாவது செம்மல்

கேமராக் கண்ணாடிக்குள் செம்மல் இரண்டாகத் தெரிந்தான். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த வகைப் பழைய ஃபிலிம் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியின் நடுவே ஒரு சின்ன மஞ்சள் சதுரம் இருக்கும்; எதிரே இருப்பவர் அதற்குள் மட்டும் இரண்டாகத் தெரிவார்; லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகிவிட்டால் படம் தெளிவாக விழும் என்று அர்த்தம். கலையரசியை உறுத்தியது வேறு. நாற்காலியில் இருந்த அவள் புருஷன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சதுரத்துக்குள் அரை விரல் தள்ளித் தெரிந்த இரண்டாவது செம்மல் கண்ணை மூடியிருந்தான்.

"கண்ண மூடுனீங்களா?"

"இமைக்காம உக்காந்துனு இருக்கேன். கல்யாணத்தன்னிக்குக் கூட நீ என்ன இவ்ளோ நேரம் பாத்ததில்ல."

லென்ஸில் பூஞ்சை இருக்கும் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கடற்கரை ஊரில் எந்தப் பழைய லென்ஸில்தான் பூஞ்சை இல்லை?

மிஷன் வீதிக்குப் பின்னால் காலி செய்துகொண்டிருந்த ஒரு வீட்டில், கன்னியப்பன் என்பவரிடம் போன வாரம்தான் அதை வாங்கியிருந்தாள். அகல ஃபிலிம் போடும் பெரிய கேமரா, செங்கல் கனம். மேல் மூலை ஒன்று நசுங்கி, கறுப்புப் பூச்சு உரிந்து பித்தளை பல்லிளித்தது. அது அவருடைய அண்ணன் ஆதிமூலத்தின் கேமரா; பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியவர், ஊர்ப்பேச்சில் சொல்தா. செத்து ஒரு வருஷம் ஆகிறது.

"அண்ணி மாடிப்படியில உயுந்து செத்துப் போனதுக்கப்புறம் அண்ணன் இதுல ஃபிலிமே போடல மா," என்றார் கன்னியப்பன். "அண்ணி உக்கார்ற நாற்காலிய எதிர்ல போட்டுக்கினு, இத கண்ணுல வச்சி, வளையத்தத் திருப்பிக்கினே இருப்பாரு. சோறு தண்ணி வாணாம். சாவற அன்னிக்குக் கூட அப்டித்தான்."

கலையரசி அங்கேயே வளையத்தைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பிம்பமும் எந்தத் தூரத்திலும் ஒன்று சேரவில்லை.

"அத மட்டும் அப்டியே உட்டுடு மா. கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. தூரம் அளக்க டேப்பு உள்ளயே கெடக்குது."

தோல் பைக்குள் உண்மையிலேயே தையற்காரர் டேப் ஒன்று சுருண்டு கிடந்தது. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நாள் முழுக்கக் கருவிகளைச் சரி செய்து சம்பளம் வாங்குகிறவளிடம், இதை மட்டும் சரி செய்யாதே என்றால் கேட்பாளா? கீறலைப் பொறுத்துக்கொள்வாள், பூஞ்சையைப் பொறுத்துக்கொள்வாள். சேராத பிம்பம் அவளுக்குச் சோற்றில் கல்.

ஆனாலும் அந்த வாரம் அவள் கல்லை மறந்துவிட்டாள். பயம் வந்துவிட்டது. கருவடிக்குப்பத்து வீட்டு மொட்டைமாடித் தொட்டிச் செடியைப் பார்த்தால் செடி இரண்டாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பூனையும் அப்படியே. செம்மலைப் பார்த்தால் மட்டும் இரண்டாமவன் வேறு மாதிரி இருந்தான். செவ்வாய்க்கிழமை அவன் நெற்றிப்பொட்டில் ஒரு கறை. வியாழக்கிழமை அது காதோரம் இறங்கி வழிந்திருந்தது. கண்ணாடியை மெல்லிய தாளால் துடைத்தாள், ஊதினாள், மறுபடி துடைத்தாள். தோல் பையைத் திறந்தாலே ஈரச் செருப்பின் வாடையும், அதற்கடியில் துருப்பிடித்த இரும்பைப் போன்ற இன்னொரு வாடையும் எழுந்து கையிலேயே ஒட்டிக்கொண்டன. சேதராப்பட்டு ஆலைக்கு அவன் பைக்கில் போகும் வழியெல்லாம் லாரி. ஹெல்மெட் போட்டாயிற்றா என்று போனில் கேட்டுக் கேட்டு அவனை நச்சரித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்குப் போகவே விடவில்லை.

"லீவு எடுக்கற அளவுக்கு என்னாடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. ஆவக் கூடாதுன்னுதான்."

அவனை அவள் அவ்வளவு நேசித்தாள். அந்தக் கருவி சரியாக இல்லை, அதனால்தான் தப்பாகக் காட்டுகிறது; பிம்பங்கள் ஒன்று சேர்ந்துவிட்டால் அந்த இன்னொருவன் இருக்கமாட்டான் என்று அவள் முடிவு கட்டியது கூட அந்தப் பாசத்தால்தான்.

அன்று மாலை மேகமூட்டத்தில் கேமராவோடு மொட்டைமாடிக்குப் போனாள். கேமராவின் மேல்மூடியைக் கழற்றினால், உள்ளே பிம்பங்களைச் சரி செய்யும் திருகின் தலைமேல் சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். தூரத்துத் தண்ணீர்த்தொட்டியைப் பார்த்துக்கொண்டே திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த, இரண்டு தொட்டிகளும் தயங்கித் தயங்கி ஒன்றாயின. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

கீழே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. செம்மல் டீ டம்ளரோடு நாற்காலியில் இருந்தான்.

"சரியாயிடுச்சா?"

"இப்பத் தெரியும். அசையாதீங்க."

எதிரே மண்டியிட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

இரண்டாமவன் போகவில்லை.

தலை தோளில் தொங்கியது. நெற்றிப்பொட்டு உள்ளே குழிந்திருந்தது. காலர் வரைக்கும் கறுப்பாக நனைந்திருந்தது. சதுரத்தின் ஓரத்தில் ஒரு கை ஓங்கியிருந்தது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை.

அவள் கையிலும் பச்சை வளையல்தான்.

நிறுத்து என்று நினைத்தாள். வளையம் திரும்பியது. திருப்பியது அவள் விரல்தான். இரண்டாமவன் நகர்ந்து வந்தான். கண்ணை எடுக்க வரவில்லை. வாய் திறக்க வரவில்லை. காது சேர்ந்தது. தோள் சேர்ந்தது. இன்னும் மயிரிழை.

"அரசி, இன்னும் எவ்ளோ நேரம்..."

சேர்ந்துவிட்டது.

டம்ளர் உருண்டது. பிறகு ஒரு சத்தம். தேங்காய் உடைக்கிற சத்தம். மறுபடியும். மறுபடியும். வளையல் சிதறுவது கேட்டது. இரும்பு வாடை. வாயில் உப்பு.

மழை.

தோள்பட்டை வலித்தது. கேமராவின் வார் அவள் மணிக்கட்டில் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. நசுங்கிய மூலையில் முடி ஒட்டியிருந்தது. தரையில் டீயோடு சிவப்பு கலந்து வாசல்வரை போயிருந்தது. செம்மல் நாற்காலியிலேயே இருந்தான், தலை தோளில் தொங்க.

கீழ் வீட்டுத் துர்கா கதவைத் தட்டினாள். "அக்கா, என்னா சத்தம்? கதவத் தொறங்க."

கலையரசி துப்பட்டாவால் கண்ணாடியை நன்றாகத் துடைத்தாள். கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

மஞ்சள் சதுரத்துக்குள், அரை விரல் தள்ளி, செம்மல் டம்ளரைப் பிடித்தபடி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் வளையத்தைத் திருப்பினாள். அவன் நாற்காலியை நோக்கி நகர்ந்து வந்தான். வந்தான். இன்னும் மயிரிழைதான். வளையம் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் திருப்பி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் நின்றது. கதவு அதிர்ந்தது. மறுபடியும் திருப்பினாள்.

"கொஞ்சம் அசையாம இருங்க," என்றாள்.